சார் நான்தான்

அம்மா 1979இல் கல்யாணம் செய்துகொண்டார். அதனால் வேலை போயிற்று. கல்யாணத்துக்காகக் கடன் வாங்கியவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் என்று எங்கள் சொந்தத்தில் எல்லா வகையும் உண்டு. ராணுவ அதிகாரிப் பதவியையே கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டவர் அம்மா ஒருவர்தான். அந்தக் கல்யாணமும் ஐந்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

அம்மா ராணுவ நர்சிங் சேவையில் கேப்டனாக இருந்தவர். எம்.என்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். 1888 மார்ச் 28 அன்று பிரிட்டிஷ் நர்சுகள் பத்துப் பேர் பம்பாயில் வந்து இறங்கினார்கள்; இந்தப் பிரிவின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. 1926இல் இந்திய ராணுவ நர்சிங் சேவை என்று பெயர் பெற்றது. 1943இல் வந்த அவசரச் சட்டம் நர்சுகளுக்கு அதிகாரி அந்தஸ்து கொடுத்தது. லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று மேஜர் ஜெனரல் வரைக்கும் போகலாம். எல்லாரும் பெண்கள். அதனாலேயோ என்னவோ, 1977ஆம் ஆண்டின் 61ஆம் எண் ராணுவ ஆணையில் இவர்களுக்கென்று ஒரு விதி இருந்தது. எந்தெந்தக் காரணத்துக்காகப் பணியிலிருந்து எடுக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல். மருத்துவக் குழு உடல்தகுதி இல்லை என்று சொன்னால் எடுக்கலாம், கல்யாணம் ஆனால் எடுக்கலாம், ஒழுங்கீனமாக நடந்தால் எடுக்கலாம். நோய்க்கும் ஒழுங்கீனத்துக்கும் நடுவில் கல்யாணம். அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஆண் டாக்டருக்குக் கல்யாணமானால் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அம்மா மாதிரி ஒருவருக்குக் கல்யாணமானால் ஊருக்கு ரயில் டிக்கெட்.

இதைப் பற்றி அம்மா புலம்பி நான் கேட்டதில்லை. புலம்பலே இல்லாத வீடு என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர்ப் பால், கரண்ட் பில், என் கையெழுத்து, தாய்மாமா வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் புலம்பல் உண்டு. இதற்கு மட்டும் கிடையாது.

சேலம் அம்மாப்பேட்டையில் 1948இல் பிறந்தவர். தாத்தா தறிக்காரர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி, அதைச் சுற்றித்தான் குடும்பம். நூல் சுற்ற, பாவு போட என்று பிள்ளைகள் எல்லாருக்கும் வேலை இருக்கும். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம் 1965. அந்த ஜனவரியில்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அம்மாவும் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டிருக்கிறார். அடுத்த வருஷமே நர்சிங் பயிற்சிக்காகப் பூனாவுக்கு ரயில் ஏறினார். “இந்தி ஒழிகன்னு கத்தின தொண்டை ஆறுறதுக்குள்ள, பானி லாவ்னு கத்த வேண்டியதாப் போச்சு” என்று சொல்லிச் சிரிப்பார்.

போவதற்கு அத்தனை சுலபமாக விடவில்லை. நர்சு வேலை என்றாலே அந்தக் காலத்தில் முகம் சுளிப்பார்கள். அதில் பட்டாளமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பாட்டி இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். தாத்தாதான் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “சாப்பாடு அவங்களே போட்டுருவாங்களா?” ஆறு பிள்ளைகள் பெற்ற தறிக்காரருக்கு அதைவிட முக்கியமான கேள்வி எது? பயிற்சியில் அம்மாவோடு இருந்தவர்களில் பாதிக்கு மேல் கேரளத்துப் பெண்கள். அதில் கோட்டயத்துக்காரி ஒருவர் பக்கத்துக் கட்டில். அந்த ஆன்ட்டி இன்னும் இருக்கிறார்.

1971 டிசம்பரில் அம்மா பட்டான்கோட்டில் லெப்டினன்ட். வயது இருபத்து மூன்று. டிசம்பர் 3 சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாகிஸ்தான் விமானங்கள் பட்டான்கோட் விமானதளத்தில் குண்டு போட்டன. போர் தொடங்கியதே அன்றைக்குத்தான். அம்மா அப்போது வார்டில் சாயங்கால ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் என்ன செய்தாய் என்று சின்ன வயதில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: “மிச்சம் எட்டுப் பேருக்கு ஊசி பாக்கி. போட்டேன்.” எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அவர் கோவையாகச் சொன்னது கிடையாது. வேறு எதையோ பேசும்போது துண்டு துண்டாக வந்து விழும். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. டார்ச் முகத்தில் காகிதம் சுற்றி, ஊசி போடும் இடத்துக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி பிடிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் புறம் ஷக்கர்கர் பக்கம் முழுக்கக் கண்ணிவெடி வயல்கள், அதனால் வந்தவர்களில் நிறையப் பேருக்குக் கால்தான் போயிருந்தது. வெடி மண்ணையும் பூட்ஸ் தோலையும் கம்பளி நூலையும் சதைக்குள் ஏற்றிவிடும். அந்த மாதிரிப் புண்ணை உடனே தைத்து மூடக் கூடாது. செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்தபடி விட்டுவைத்து, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தைப்பார்கள். மூடிவிட்டால் உள்ளுக்குள் அழுகி வாயு கட்டிக்கொள்ளும், ஆள் போய்விடுவான். “வார்டுக்குள்ள நுழையும்போதே மூக்கு சொல்லிடும், எந்தக் கட்டில்னு” என்பார். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பென்சிலின். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களின் பெயர் டி.ஐ.எல். என்ற பட்டியலில் ஏறும். வீட்டுக்குத் தந்தி போகும். ஆபத்து ஒரு படி குறைந்தவர்களுக்கு எஸ்.ஐ.எல். டி.ஐ.எல்.லிலிருந்து எஸ்.ஐ.எல்.லுக்கு ஒருவன் இறங்கினால் அன்றைக்கு வார்டில் எல்லாருக்கும் டீ.

அந்தப் பக்கம் ஓடும் பசந்தர் ஆற்றைத் தாண்டிச் சண்டைக்குப் போனவர்களில் 16ஆவது மெட்ராஸ் பட்டாலியனும் உண்டு. அந்தச் சண்டைக்குப் பிறகு வார்டில் திடீரென்று தமிழும் மலையாளமும் கேட்கத் தொடங்கியதாம். மயக்கம் தெளியாத ஒருவர் நடுராத்திரியில் “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று ரெஜிமென்ட் முழக்கத்தைப் போட, பக்கத்துக் கட்டில் சர்தார்ஜி பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். தமிழ் தெரிந்த சிஸ்டர் என்பதால் கடிதம் எழுதுகிற வேலையும் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன், இடது பாதம் முழுக்கப் போய்விட்டது. இன்லேண்ட் லெட்டரில் அவன் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார்: கால்ல சின்னக் காயம், பயப்பட வேண்டாம், மாடு கன்னு போட்டுச்சா.

“பாதமே இல்லைன்னு நீ எழுதலையா?” என்று கேட்டேன்.

“லெட்டர் அவனோடது. அவன் சொன்னதத்தான் எழுதணும். ரெஜிஸ்டர் என்னோடது. அதுல உள்ளது உள்ளபடி எழுதினேன்.”

அந்தப் பையனைப் பிறகு பூனாவில் செயற்கைக் கால் பொருத்தும் மையத்துக்கு அனுப்பினார்கள். 1944இலிருந்து இருக்கும் மையம் அது. அதற்கு மேல் அவனைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நர்சு வேலையில் கதையின் நடுப்பக்கம் மட்டும்தான் கையில் கிடைக்கும் போலிருக்கிறது.

அப்பாவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிடித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள், பிடிக்காமல் பிரிந்தார்கள். 1984இல் என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கியபோது எனக்கு நாலு வயது, அவருக்கு முப்பத்தாறு. மாமாக்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சமாதானம் பேசலாம் என்றார் ஒருவர். மாடியில் ஒரு அறை இருக்கிறது, பேசாமல் இருந்துகொள் என்றார் இன்னொருவர். அம்மா குகையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தை வாடகைக்குப் பிடித்தார். முதல் வாரமே, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டிருக்கிறார். “வாடகை நான்தான் குடுக்கறேன். அப்ப வீட்டுக்காரர் நான்தானுங்களே” என்று அம்மா சொன்னதாக ஒரு கதை உண்டு. இதை அவர் சொல்லவில்லை, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவே பல வருஷம் கழித்து ஒரு கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் எங்களைப் பார்த்தபோது சொன்னார்.

நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே அம்மா நீடிக்கவில்லை. ஒரு தடவை பயன்படுத்திய கையுறைகளைக் கழுவிப் பவுடர் போட்டு மறுபடி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அது அந்தக் காலத்தில் பல இடங்களில் நடந்ததுதான், முறையாக ஆட்டோகிளேவ் செய்தால் அம்மாவுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்டோகிளேவ் ரிப்பேர், வெறும் வெந்நீர் போதும் என்றதும்தான் தகராறு. மாத நடுவில் வேலையை விட்டுவிட்டு வந்தார். வருகிற வழியில் எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார், கூடுதலாகப் பீட்ரூட் துருவல் போடச் சொல்லி. வேலை போன நாளில் தீனி கிடைக்கும் என்பது என் பிள்ளை மனதில் ரொம்ப நாள் பதிந்து கிடந்தது.

அப்புறம்தான் ஏற்காடு. தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது சொன்னது. அதன்படி ஒரு காப்பி எஸ்டேட்டில் டிஸ்பென்சரி இருந்தது, நர்சு இல்லை. மலைக்கு மேலே, ஊரை விட்டுத் தள்ளி, குழந்தையோடு தனியாக ஒரு பெண் வருவாளா என்று எஸ்டேட் துரைக்குச் சந்தேகம். பட்டான்கோட் என்று விண்ணப்பத்தில் பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லையாம். ஓடு போட்ட குவார்ட்டர்ஸ், முன்னால் ஒரு பேரி மரம், பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்து ஒரு வாரம் கழித்துக் காப்பி பூத்தால் வீட்டுக்குள் படுத்திருக்கவே முடியாது, அப்படி ஒரு வாசம்.

மலையில் அம்மாவுக்குப் பெயர் பட்டாளத்து சிஸ்டர். எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் வைத்த பெயர். நாகலூர் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் கிராமங்கள் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. டிவிஎஸ் 50 ஒன்றைத் தவணையில் வாங்கினார். எஸ்டேட் ஏற்றங்களில் அது இரண்டு பேரை இழுக்காது. ஏற்றம் வந்தால் நான் இறங்கி ஓடுவேன், மேலே போய் அவர் காத்திருப்பார். பெடலை மிதித்து வண்டிக்கு ஒத்தாசை செய்துகொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அதே முதுகு நிமிர்த்திய உட்காரலோடு அவர் போவதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரு மாசி மாதம், மிளகு பறிக்கிற நேரம், ஒருவர் ஏணியோடு சரிந்து சில்வர் ஓக்கிலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிவு. நான் நாலாம் வகுப்பு. வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா கூட்டிக்கொண்டு போனதால் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் ஆளைத் தூக்கி ஜீப்பில் போடத் தயாராக இருந்தார்கள். அம்மா தொடவே விடவில்லை. தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒன்றரை லிட்டர் ரத்தம் வரைக்கும் போகலாம், அசைக்க அசைக்க இன்னும் போகும். மேஸ்திரியை அந்த ஆளின் கணுக்காலைப் பிடித்து நேராக, விடாமல் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். ஏணியிலிருந்தே ஒரு மூங்கிலை அறுக்கச் சொல்லி, அக்குளிலிருந்து குதிகாலுக்கும் கீழே வரை வருகிற மாதிரி அளந்தார். கம்பளியைக் கிழித்து மூங்கிலில் சுற்றினார். மார்பு, இடுப்பு, முறிவுக்கு மேலே, கீழே, முழங்கால், கணுக்கால் என்று கட்டி, கடைசியில் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டினார். முடிச்செல்லாம் நல்ல கால் பக்கம். கட்டி முடிக்கிற வரைக்கும் மேஸ்திரி பிடியை விடக் கூடாது. அவருக்கு வியர்த்து ஊற்றியது. கட்டி முடித்ததும் அந்த ஆளின் கட்டைவிரலை அழுத்தி, வெளுத்த நகம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தது.

ஜீப்பில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டும். அம்மா பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் நாடி பிடித்தபடியே வந்தார். சிகரெட் அட்டையைப் பிரித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் விழுந்த நேரம், கட்டிய நேரம், நாடி எண்ணிக்கை, போட்ட ஊசி என்று எழுதி, அந்த ஆளின் சட்டைப் பொத்தான் துளையில் ஊக்கால் குத்தினார். அடிவாரம் வந்தபோது அதில் நாடி மட்டும் நாலு வரியாகியிருந்தது. சேலம் பெரியாஸ்பத்திரியில் அந்த அட்டையைப் படித்த சின்ன டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க எங்க வேலை பார்த்தீங்க மேடம்?” என்றார். அம்மா எஸ்டேட் பெயரைச் சொன்னார். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அந்த ஆள் நடந்தார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான். வருஷாவருஷம் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்து எங்களைக் கஷ்டப்படுத்தினார். இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு முழுப் பலாவை என்ன செய்வது?

வீட்டுக்குள் பட்டாளம்தான். விரிப்பின் ஓரத்தை உயர்த்தி மெத்தை மேல் போட்டு, தொங்குவதை அடியில் செருகி, பிறகு மேலே இருப்பதை இறக்கிச் செருகினால் மூலையில் நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு மடிப்பு விழும். அது விழாமல் நான் பள்ளிக்கூடம் போக முடியாது. நேரம் எல்லாம் பதினாறு முப்பது, இருபது மணி என்றுதான். ராத்திரி படுக்கும் முன் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது, நாளைக்கு என்ன பாக்கி, உடம்பில் எங்கேயாவது வலியா. வார்டில் டியூட்டி மாறும்போது ஒப்படைக்கிற மாதிரி. பதினாலு, பதினைந்து வயதில் இது எனக்கு வேப்பங்காயாகக் கசந்தது. ஆனால் முதல் தடவை பயமுறுத்தும்படி ஒருவன் பின்னால் வந்த அன்றைக்கு, எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரிப்போர்ட்டில் மூன்றாவது வரியாகச் சொல்லிவிட்டேன். அம்மாவும் அடுத்த கேள்வியாக அடையாளம் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நடந்ததை வேறொருவர் சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும் என்றார் ஆபீசில் இருந்தவர். காப்பாளர் என்ற இடத்தில் அம்மா தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அப்பா இல்லாவிட்டால் தாத்தாவோ மாமாவோ வரட்டும் என்றார் அவர். அம்மா குரலை உயர்த்தவில்லை. “ஒரு வார்டுல நாப்பது ஆம்பளைங்க உசுருக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு பொம்பளப் புள்ளைக்குப் போடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தலைமை ஆசிரியை வந்து வாங்கிக்கொண்டார். அப்பா இருக்கும்போதே அம்மாவும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, காப்பாளரே தேவைப்படாத வயது.

இதெல்லாம் இருந்தும் அம்மா தன்னை ராணுவத்தினர் என்று வெளியே சொல்லிக்கொண்டது குறைவு. பதக்கங்களைக் கூட நான்தான் ஒரு தடவை வெளியே எடுத்தேன். 1971க்கான சங்ராம் பதக்கத்தின் வளையம் நெளிந்திருந்தது. நிமிர்த்தலாமே என்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, உரசாமலேயே, “இது வெள்ளி இல்லைங்க” என்றார் பரிதாபமாக. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் போல, வளையத்தை நிமிர்த்தியதற்குக் காசு வாங்கவில்லை. அம்மா கடைத்தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 7 கொடிநாளை ஒட்டி முன்னாள் படைவீரர்கள் கூடுகிற ஒரு நிகழ்ச்சிக்கு என் வற்புறுத்தலால் ஒரு தடவை வந்தார். மலையை விட்டு இறங்கி, கன்னங்குறிச்சியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்திருந்த சமயம். வாசலில் நின்ற தம்பி எங்களைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி, வீரர்களின் மனைவிமார் உட்கார்ந்திருந்த வரிசையைக் காட்டினார். ரொம்ப மரியாதையான பையன். நாற்காலியைத் துடைத்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “சார் வரலைங்களாம்மா?” என்று கேட்டார்.

“சார் நான்தான்” என்றார் அம்மா.

அந்தப் பையனின் முகம் போன போக்கு! பின்னால் இருந்த ஒரு ரிட்டயர்டு சுபேதார் விஷயம் தெரிந்து எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வடை சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டார். எனக்கு மட்டும் அந்த நாற்காலியில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார ஆசையாக இருந்தது.

பென்ஷன் கிடையாது. அதிகாரிகளுக்குப் பென்ஷன் வேண்டுமானால் இருபது வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்தது அதில் பாதிதான். எஸ்டேட்டின் பி.எஃப். பணமும் சேமிப்பும்தான் அந்த வீடு. கட்டும்போது கொத்தனார் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும் என்று கேட்ட கதையையெல்லாம் சொல்லப் போவதில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2019இல் போனார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் மாட்ட வந்த சின்னப் பெண்ணிடம், “கை கழுவினியா கண்ணு?” என்று கேட்டார். அந்தப் பெண் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தது. “நல்லா ஏத்தின. கை நடுங்கல” என்று பாராட்டும் கிடைத்தது. எஸ்டேட்டிலிருந்து இரண்டு டெம்போவில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். சாய்ந்து நடக்கிறவரும் வந்திருந்தார்.

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று செய்தியில் வந்தது. கல்யாணம் ஆனதற்காக 1988இல் எம்.என்.எஸ்.ஸிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு லெப்டினன்ட் தொடுத்த வழக்கு. அந்த விதி பெண்களுக்கு மட்டுமே என்று இருந்தது, அப்பட்டமான பாகுபாடு, ஏற்கவே முடியாது என்று நீதிமன்றம் சொல்லி, அவருக்கு அறுபது லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விதியையே 1995இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 1995இல் அம்மா ஏற்காட்டில் டிவிஎஸ் 50 ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் கடிதம் போட்டுச் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருந்திருந்தால் எந்த வருஷம் மேஜர், எந்த வருஷம் லெப்டினன்ட் கர்னல், பென்ஷன் எவ்வளவு. அம்மா பார்த்திருந்தால் பேப்பரைப் பிடுங்கிக் கடைக் கணக்கு எழுதியிருப்பார். பொறுக்க முடியாமல் கோட்டயத்து ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். அவரும் கல்யாணத்தால் வெளியே வந்தவர்தான். செய்தியை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “அந்தப் பெண்ணு மிடுக்கி” என்றார், கெட்டிக்காரி என்று அர்த்தம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் கேட்டே இராத ஒரு விஷயத்தைச் சொன்னார்.

கல்யாணத்தை மறைத்தவர்கள் உண்டாம். தாலியைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, லீவில் போய்வந்து ஒன்றிரண்டு வருஷம் ஓட்டியவர்களை ஆன்ட்டிக்குத் தெரியும். ஆன்ட்டியே அப்படித்தான். அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறார்: யாருக்கும் தெரியாது, சொல்லாதே, அடுத்த போஸ்டிங் வரைக்கும் பார்க்கலாம். லீவு முடிந்து வந்த மறுநாள் காலையில், டியூட்டிக்குப் போகும் முன், அம்மா தானே ஒரு தாளில் கல்யாணத் தேதியை எழுதிக் கொண்டுபோய் மேட்ரனிடம் கொடுத்துவிட்டார். மேட்ரன் வாங்கவே யோசித்தாராம், நாளைக்கு வா என்றாராம். அம்மா மேஜை மேல் வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

“நான் கேட்டேன், எந்தினாடி என்று. ரெஜிஸ்டர்ல பொய் எழுத முடியாதுன்னா” என்றார் ஆன்ட்டி. “மண்டு. நாப்பத்தஞ்சு வர்ஷமாயி. எனக்கு இன்னும் தேஷ்யம் தீரல.”

கோபத்தில் அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. உங்கம்மா மண்டு, சரியான மண்டு என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. உங்கள் மலைக் காப்பித்தூள் தீர்ந்துவிட்டது, எப்போது அனுப்புவாய், சிக்கரி போடாமல் வாங்கு என்றார்.